21க்கும் 23க்கும் நடுவில்

ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும், புனேவில் வீட்டிலிருந்தே ஆபீஸ் சர்வரைத் திறப்பது என் வழக்கம். புது சர்வர் என்றால் கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரும். படிக்காமலே 'யெஸ்' அடிப்பேன். நீங்களும் அப்படித்தானே?

அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அன்றைய டெல்நெட், பாஸ்வேர்டை போஸ்ட் கார்டு மாதிரி திறந்தே அனுப்பும். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யூலோனன் எஸ்.எஸ்.ஹெச். எழுதி, ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23; நடுவில் காலியாக இருந்த 22ஆம் எண்ணைக் கேட்டு வாங்கினார். 1999இல் ஓப்பன் பி.எஸ்.டி. குழு ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச்.சை வெளியிட்டது.

இதில் கிளையன்ட்டும் சர்வரும் முதலில் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும். பிறகுதான் பாஸ்வேர்டு போகும். ஆனால் எதிரே இருப்பது நிஜ சர்வர்தானா? முதல் தடவை அது கிளையன்ட்டுக்கே தெரியாது. அதனால்தான் சர்வரின் 'கைரேகை'யைக் காட்டி நம்மைக் கேட்கிறது. ஆள் மாறியிருந்தால், பெட்டியைப் பூட்டி, சாவியோடு திருடனிடமே கொடுத்த கதைதான்.

அட்மினுக்கு ஒரு போன் போட்டு கைரேகையைச் சரிபார்க்க இரண்டு நிமிஷம் போதும். இத்தனை வருஷமாக நான் செய்ததில்லை. இனி செய்யணும்.