பாசன ஏரியும் பறவைகள் சரணாலயமும்: வெள்ளோடு பெரியகுளத்தின் வரலாறு

ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில், ஈரோட்டிலிருந்து சென்னிமலைக்குச் செல்லும் வழியில் உள்ள வடமுகம் வெள்ளோட்டின் பெரியகுளம், ஏறத்தாழ 77 ஹெக்டேர், அதாவது 190 ஏக்கர் பரப்புள்ள ஓர் ஏரி. இது 1996இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் தலமாகவும் ஏற்கப்பட்டது. 1971இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, உலக முக்கியத்துவம் உடையவை என்று பட்டியலிடப்படும் சதுப்பு நிலங்களும் நீர்நிலைகளுமே ராம்சார் தலங்கள் எனப்படுகின்றன. இந்த இரண்டு சிறப்புகளையும் கேள்விப்பட்டு வருகிறவர்கள், மனிதக் கை படாத இயற்கை ஏரி ஒன்றைக் காண வந்ததாக எண்ணக்கூடும். ஆனால் பெரியகுளம் கரை கட்டி, மதகு வைத்து, வேளாண்மைக்காக மனிதர்கள் உண்டாக்கிய நீர்நிலை. அதன் பாதுகாப்பைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கொங்கு நாட்டின் நடுப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்திலேயே தன் மழையின் பெரும்பகுதியைக் கொட்டிவிடுவதால், இந்தப் பக்கத்து நிலம் வடகிழக்குப் பருவமழையையும், ஆழக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்த நீரையும் நம்பியே நெடுங்காலம் இருந்தது. தொண்டை நாட்டையும் பாண்டி நாட்டையும் போல ஏரிகள் நெருங்கிக் கிடக்காத இந்த மேட்டுப்புஞ்சை நாட்டில் நீரைக் கொண்டுவந்தவர்களின் பெயர்கள் மறக்கப்படுவதில்லை. பவானி ஆற்றின் குறுக்கே அணை கட்டி, 13ஆம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டிய காலிங்கராயன், வெள்ளோட்டை அடுத்த கனகபுரத்தில் பிறந்தவர் என்பது இப்பகுதியின் வழக்கு. வாய்க்கால் வெட்டியதில் தன்னலம் இல்லை என்று காட்டுவதற்காக, தம் குலத்தார் அதன் நீரைப் பயன்படுத்தக்கூடாது என்று உறுதிபூண்டு அவர் ஊரைவிட்டே பெயர்ந்ததாகச் சொல்லப்படும் செய்தி, வரலாறாயினும் மரபுக்கதையாயினும், நீரைப் பொதுச்சொத்தாகக் கருதிய ஒரு மனப்பான்மையை இங்கு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

பெரியகுளத்தின் இன்றைய நிலைக்கு நேரடிக் காரணம், காலிங்கராயன் வாய்க்காலுக்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த கீழ்பவானித் திட்டம். விடுதலைக்குப் பின் நாட்டில் தொடங்கப்பட்ட முதல் பெரும் பாசனத் திட்டங்களுள் ஒன்றான இதன் அணை 1948 முதல் 1955 வரை பவானிசாகரில் கட்டப்பட்டது. அங்கிருந்து புறப்படும் முதன்மைக் கால்வாய் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு மேட்டு விளிம்பை ஒட்டியே வளைந்து ஓடி, கோபி, பெருந்துறை, சென்னிமலைப் பகுதிகளில் சுமார் 2.07 லட்சம் ஏக்கருக்கு முறைவைத்துப் பாசனம் அளிக்கிறது. முறைவைத்தல் என்பது ஆயக்கட்டை, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பை, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறு பாதிக்குப் புஞ்சைப் பயிர்களுக்கும் மாற்றி மாற்றித் தண்ணீர் விடும் ஏற்பாடு. மண்ணால் அமைந்த இக்கால்வாயின் கரைகளிலிருந்தும் பாசன வயல்களிலிருந்தும் கசியும் நீர் தாழ்வான ஓடைகளில் சேர்ந்து, கிணறுகளையும் குட்டைகளையும் நிரப்பிக்கொண்டே போகிறது. கசிவுநீர் என்று உழவர்கள் அழைக்கும் இந்த நீரும் பருவமழையும் சேர்ந்தே பெரியகுளத்துக்கு உயிர் கொடுக்கின்றன.

இதில் கவனிக்கத்தக்க ஒரு பொருத்தம் உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் ஆகஸ்ட் நடுவில் திறக்கப்படும் நெல் பாசன நீர் டிசம்பர் நடுப்பகுதிவரை ஓடுகிறது; அதற்குள் வடகிழக்கு மழையும் வந்துவிடுகிறது. ஏரி நிரம்பி நிற்கும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் முதலியனவும், வடக்கேயிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து போன்றவையும் கூடும் காலம். உழவனின் நாட்காட்டியும் பறவையின் நாட்காட்டியும் ஒரே நீரால் எழுதப்பட்டவை. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்றும் மாறும்.

சரணாலயமான பின் வனத்துறையின் பொறுப்புக்கு வந்த இந்த ஏரியைக் காத்ததில் அரசாணைக்கு இணையான பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்கு உண்டு. செல்லப்பம்பாளையம், பூங்கம்பாடி உள்ளிட்ட ஊர்களின் மக்கள், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று ஆண்டுதோறும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்த்து, மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தச் சட்டத்தாலும் வாங்க முடியாத இந்த இசைவே வெள்ளோட்டின் உண்மையான வேலி.

ஆனால் ஏரியைச் சுற்றியுள்ள பகுதி அதே காலத்தில் வேகமாகத் தொழில்மயமாயிற்று. சென்னிமலைக்கு அருகே நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, பாசனத்துக்கு உதவாமற்போனதை இப்பகுதி உழவர்கள் கண்ணெதிரே கண்டார்கள். சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் ஆணையிடும் வரை அந்தக் கேடு வளர்ந்தது. பெருந்துறை சிப்காட், அதாவது தமிழ்நாடு அரசின் தொழில் முன்னேற்றக் கழகம் ஏறத்தாழ 2,700 ஏக்கரில் அமைத்த தொழில் வளாகம், பல்லாயிரம் பேருக்கு வேலை தந்ததோடு, தோல் பதனிடுதல், சாயமிடுதல் போன்ற தொழில்களின் வழியாக நிலத்தடி நீரைப் பற்றிய அச்சத்தையும் கொண்டுவந்தது. அங்கு கோக்கோ கோலா நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட 71 ஏக்கர் நிலத்தின் ஒதுக்கீடு, உழவர்களின் எதிர்ப்புக்குப் பின் 2015இல் கைவிடப்பட்டது. வளர்ச்சியை வேண்டாம் என்று சொன்ன மக்கள் அல்லர் இவர்கள். ஒரத்துப்பாளையத்தை மறுபடியும் பார்க்க விரும்பாதவர்கள்.

அண்மைக்காலப் பெரும் வழக்கு கீழ்பவானிக் கால்வாயைப் பற்றியது. சுமார் 709 கோடி ரூபாயில் கால்வாயைச் சீரமைத்துக் கான்கிரீட் இடும் திட்டம் உழவர்களையே இரண்டாகப் பிரித்தது. கடைமடைக்கு, அதாவது கால்வாயின் கடைசிப் பகுதி வயல்களுக்கு, நீர் போய்ச் சேர இது தேவை என்று ஒரு சாராரும், கசிவு நின்றால் கிணறுகளும் குளங்களும் வறளும் என்று மறு சாராரும் வாதிட்டனர். கடைமடை உழவரின் குறை பொய்யன்று. அவர் தமக்குரிய பங்கைத்தான் கேட்கிறார். எனினும் கசிவை வெறும் இழப்பு என்று கணக்கெழுதும் பொறியியல், அந்த இழப்பினாலேயே நிறையும் ஏரிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது பெருங்குறை.

இவற்றோடு ஒப்பிடுகையில் சுற்றுலா சிறிய சிக்கலே, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. கோயம்புத்தூரில் உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் நடைபாதையும் விளக்குகளும் பெற்று, மாலையில் ஆயிரக்கணக்கானோர் காற்று வாங்கும் இடங்களாயின. நகரத்து மக்களுக்கு அது நன்மையே. ஆனால் அந்த முறையை வெள்ளோட்டுக்குக் கொண்டுவருவது தவறாகும். பறவை கூடு கட்டும் ஏரிக்கு இரவில் இருளும் பகலில் அமைதியும் தேவை. பார்வைக் கோபுரமும், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் நுழைவும், பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டிகளும் இந்த ஏரிக்குப் போதும். ராம்சார் உடன்படிக்கை கோருவதும் மக்களை விலக்கி வைப்பதன்று, நீர்நிலையின் இயல்பு கெடாமல் அதைப் பயன்படுத்துவதே. சுற்றுலாவால் வரும் வருமானத்தில் ஒரு பங்கு, வெடியைத் துறந்த ஊர்களுக்குச் சேர வேண்டும் என்பதும் நியாயமே.

நுழைவாயிலை அழகுபடுத்துவதற்கு முன்னால், கீழ்பவானியில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் பெரியகுளத்தின் நீர்வரத்தை என்ன செய்யும் என்பதை நீர்வளத் துறையும் வனத்துறையும் ஒன்றாக அமர்ந்து அளந்து, அந்தக் கணக்கை ஆயக்கட்டு உழவர்களின் முன்னிலையில் வைக்க வேண்டும்.