மைனரின் தரைத் தகடு

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர், அங்கு உற்பத்தி நின்ற பின்னரும் பல தசாப்தங்கள் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓடியது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதிய கார் எட்டாக்கனி. இருந்ததைப் பேணுவதே வழி. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானிய வாகனங்கள் பெருகின. 1990இல் வடக்கைப் பொருளாதாரத் தடை சூழ்ந்தது. மீண்டும் பழைய கார்களே கதி.

மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே துருப்பிடித்தல் அதற்கு அழகுப் பிரச்சினை அன்று. உப்புக்காற்றில் கதவுகளின் கீழ்விளிம்பும் தரைத் தகடுமே முதலில் இற்றுப்போகும்.

எங்கள் காரின் தரை 1992இல் ஓட்டையானது. அப்பாவும் நானும் முற்றத்து மாமரத்தின் கீழ் துருவைச் சுரண்டி, பீப்பாத் தகரத்தை வெட்டித் தறையாணியால் பொருத்தினோம். அடிப்பாகத்துக்குக் கழிவு ஒயில். வாகன வர்ணம் கிடைக்கவில்லை. யன்னலுக்குப் பூசும் பச்சை எனாமலைத் தூரிகையால் பூசினோம். தூரிகைக் கோடுகள் கடைசிவரை தெரிந்தன. சில துளி பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். தடைசெய்யப்பட்ட பொருட்களைப் பற்றி அந்நாட்களில் எத்தனையோ செய்திகள் எழுதினேன். முற்றங்களில் நடந்த இந்தத் தகரவேலை பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில், அம்மாவையும் நடக்கவியலாத அயலவர் இருவரையும் சுமந்து அந்தத் தகரம் தென்மராட்சிவரை ஊர்ந்தது.

2002இல் ஏ-9 வீதி திறந்தபின் முறையான வர்ணம் வாங்கிப் பச்சையைச் சுரண்டினோம். தரையையும் மாற்றலாம் என்றேன். அப்பா சம்மதிக்கவில்லை.