கலாரிதெஸ்: மலைமேல் ஒரு தட்டார் ஊர்

கிரேக்க நகை என்றதும் மைசீனாவின் தங்கம்தான் எல்லார் நினைவுக்கும் வரும். இந்த வாரம் ராஜாக்களை விட்டுவிடுவோம். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், துருக்கி சுல்தானின் ஆட்சியில், கிரேக்கக் குடியானவர் வீட்டுப் பெண்கள் என்ன பூட்டிக்கொண்டார்கள்? பெரும்பாலும் வெள்ளி. வசதி இருந்தால் மேலே தங்க முலாம்.

அந்த வெள்ளியைத் தேடிப் போனால் வடமேற்கே எபிரஸ் பகுதியில், பிந்தோஸ் மலைச் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் கலாரிதெஸில் போய் நிற்போம். விளாக் மொழி பேசிய ஊர். உழுவதற்கு நிலம் கிடையாது. ஆடு மேய்த்தவர்கள் போக, மிச்சப் பேர் வணிகத்திலும் வெள்ளி வேலையிலும் இறங்கினார்கள். பக்கத்துப் பட்டணம் யானினாவில் அலி பாஷா கோலோச்சிய காலம் அது. கொடுங்கோலன் என்றே பெயரெடுத்தவன். தட்டார்களுக்கோ அருமையான வாடிக்கைக்காரன். அவன் ஆட்களின் துப்பாக்கிப் பிடிக்கு வெள்ளித் தகடு அடித்த கையே மணப்பெண்ணின் இடுப்புக் கச்சைக்கும் கொக்கி செய்தது.

உள்ளங்கையை மறைக்கும் அளவு பெரிய கொக்கி. அதில் வெள்ளைப் பரப்பின் மேல் கறுப்புக் கொடியும் பூவும் ஓடும். சவாதி வேலை என்பது அதுதான். முதலில் உளியால் வெள்ளியில் கோடு கீறுவார்கள். வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் கந்தகத்தோடு உருக்கினால் கறுப்புக் கட்டி கிடைக்கும். அதை இடித்துப் பொடியாக்கி, வெங்காரம் சேர்த்து, கீறலில் நிரப்பித் தணலில் காட்ட வேண்டும். பொடி உருகிப் பள்ளத்தில் இறங்கும். ஆறியபின் அரத்தால் ராவி மெருகேற்றினால் கோட்டில் மட்டும் கறுப்பு நிற்கும். சூடு மிஞ்சினால் அத்தனை உழைப்பும் பாழ்.

மார்பில் தொங்கியது நம் காசுமாலைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. துருக்கி நாணயங்களோடு, 1780 என்று பொறித்த ஆஸ்திரிய மரியா தெரேசா வெள்ளிக்காசும் அதில் கோத்திருக்கும். வீட்டின் செல்வம் அப்படியே பெண்ணின் கழுத்தில். பஞ்சம் வந்தால் முதலில் உருக்குக்குப் போனதும் அதுதான். பழைய உருப்படிகள் அரிதாகவே கிடைப்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

1821-இல் விடுதலைப் போர் வெடித்தது. கலாரிதெஸும் கிளர்ந்தது, துருக்கிப் படை ஊரைக் கொளுத்தியது. தப்பிய தட்டார்களில் பலர் அயோனியத் தீவுகளுக்கு ஓடினார்கள். ஜாகிந்தோஸ் தீவில் புனித தியோனிசியோஸின் உடலைத் தாங்கும் வெள்ளிப் பேழை, பாஃபாஸ் என்ற கலாரிதெஸ் தட்டாரின் கைவேலை.

கலாரிதெஸில் வேர்விட்ட இன்னொரு தட்டார் குடும்பத்தில், எபிரஸின் பாராமித்தியாவில் 1857-இல் பிறந்தவர் சோதிரியோஸ் வூல்காரிஸ். கோர்ஃபு, நேப்பிள்ஸ் என்று அலைந்து ரோம் சேர்ந்து, 1884-இல் சிஸ்தினா தெருவில் கடை போட்டார். ஆரம்பத்தில் அவர் விற்றது வெள்ளிச் சாமான்கள்தான். வைரமும் மரகதமும் விற்கும் இன்றைய பல்கேரி நகை நிறுவனம் அந்தக் கடையின் வாரிசு.

அடுத்த வாரம் கார்பதோஸ் தீவு. அங்கே ஒலிம்போஸ் கிராமத்தில் அம்மாவின் சொத்து மூத்த மகளுக்கு. திருவிழா அன்று அவள் கழுத்தைப் பார்த்தாலே எவ்வளவு என்று தெரிந்துவிடும்.