அயலார் கொட்டை

'வால்நட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதிக்கும் சுவருக்கும் எந்த உறவும் இல்லை. அது பழைய ஆங்கிலத்தில் அயலாரைக் குறித்த சொல். கடல் கடந்து பிரிட்டனில் குடியேறிய சாக்சன்கள், அங்கே முன்பே வாழ்ந்தவர்களை அந்தச் சொல்லால்தான் சுட்டினார்கள். வந்தவர்கள் இருந்தவர்களை 'அயலார்' என்றார்கள்! 'வேல்ஸ்' என்ற பெயர் அப்படிப் பிறந்தது. 'கார்ன்வால்' என்பதன் பின்பாதியும் அதுவே. போகப் போக அந்தச் சொல்லுக்கு 'அடிமை' என்ற பொருளும் ஏறியது. ரோமானிய நிலங்களிலிருந்து வந்த கொட்டை என்பதால் இதுவும் அயலார் கொட்டையாயிற்று.

அந்த வேல்ஸ்காரர்களோ இதைப் பிரெஞ்சுக் கொட்டை என்கிறார்கள். சீனத்தில் 'ஹூதாவ்', அதாவது வடக்கு, மேற்கு எல்லைகளுக்கு அப்பால் வாழ்ந்த 'ஹூ' மக்களின் பீச் பழம். நம் கடைகளில் கிடைக்கும் அக்ரூட், வடமொழி 'அக்ஷோட'த்திலிருந்து இந்தி வழியாக வந்தது. ரோமானியர் மட்டும் இதை ஜூபிடர் கடவுளின் கொட்டை என்று உயர்த்திவைத்தனர். 'ஜக்லன்ஸ்' என்ற தாவரவியல் பெயர் அதிலிருந்து வந்தது.

கறுப்பு வால்நட்டின் கதைதான் விசித்திரம். அது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரிய மரம். ஐரோப்பியர் அங்கே போய் இறங்கியபின், மண்ணுக்குரிய மரத்துக்கு அயலார் பெயர் விழுந்தது. பாரசீகத்திலும் மத்திய ஆசியாவிலும் தோன்றிய அக்ரூட்டோ அங்கே 'இங்கிலீஷ் வால்நட்' ஆகிவிட்டது.

'கறுப்பு' என்ற அடைமொழியில் மட்டும் பொய் இல்லை. தாவரவியலாளர் லின்னேயஸும் 1753இல் 'நைக்ரா' என்றே பெயரிட்டார். பச்சை மேல்தோல் அழுகினால் கறுக்கும். கையில் பட்டால் கறை பல நாள் போகாது. அதில் சாயமும் மையும் காய்ச்சினார்கள். வீட்டிலிருக்கும் பாக்குவெட்டியெல்லாம் இதன் ஓட்டிடம் தோற்றுவிடும். அந்த ஓட்டைப் பொடித்து, உலோகப் பரப்பைச் சுத்தம் செய்யப் பீய்ச்சியடிக்கிறார்கள். மரம் சுரக்கும் 'ஜக்லோன்' என்ற நஞ்சால் அடியில் நட்ட தக்காளி வாடும்.

வைரம் சாக்லேட் நிறம், வெளிமரம் வெளிறியிருக்கும். அறுவை ஆலைகளில் பலகையை நீராவியில் வைத்து வெளிமரத்துக்கும் நிறமேற்றிவிடுவார்கள். எளிதில் கோணாது, அதிர்ச்சி தாங்கும் என்பதால் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் ஏந்திய எம்1 காரண்ட் துப்பாக்கிக்குக் கட்டை இந்த மரத்தில்தான் செய்தார்கள்.

இந்த நிறத்தை வைத்தே வியாபாரிகள் வேறு மரங்களுக்கும் வால்நட் என்று பெயர் சூட்டினார்கள். 'கிழக்கிந்திய வால்நட்' என்று விலைபோனதும் அப்படி ஒன்று. அதற்கும் அக்ரூட்டுக்கும் குடும்ப உறவே கிடையாது. அது நம் வாகை.