ஆளற்ற மண்டபமும் அகன்ற மனிதரும்

ஆளில்லாத பெருங்கூடங்களைப் படமெடுத்துக் கலையாக்குவது இன்று உலகறிந்த மரபு. ஜெர்மானியக் கலைஞர் காண்டிடா ஹோஃபர் நூலகங்களையும் நாடக அரங்குகளையும் அவ்வாறு எடுத்தே புகழ் பெற்றார். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அத்தகைய படங்கள் நம் மதுரையில் எடுக்கப்பட்டுவிட்டன. துடியலூரிலிருந்து மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் இதை நாம் நினைவூட்டுவதுண்டு.

எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் (1822–1902), கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட அவர், 1858-ன் தொடக்கத்தில் மதுரையில் இருந்தார். சிதைந்து கிடந்த நாயக்கர் மகாலையும், திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென எழுப்பிய புதுமண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தையும் படமாக்கினார். தூண் வரிசை நீள்கிறது, ஒளியும் நிழலும் மாறி மாறி விழுகின்றன, மனிதரைக் காணோம்.

இவ்வெறுமைக்குக் கலை நோக்கம் மட்டும் காரணமன்று. டிரைப் கையாண்டது மெழுகிட்ட காகித நெகட்டிவ். அதில் ஒளி பதிய நெடுநேரம் வேண்டும். நடந்து கடப்பவர் தடமின்றி மறைவார். 1838-ல் டாகேர் எடுத்த பாரிஸ் வீதிப் படத்திலும் போக்குவரத்து மறைந்து, காலணி துடைக்க நின்ற ஒருவரும் துடைத்தவருமே எஞ்சினர். அசையாதது நிற்கும், அசைவது அழியும் என்பதே அன்றைய கருவியின் நியதி.

1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதை ஆடம்பரமெனக் கருதி நிறுத்தினார். எனினும் அப்படங்கள் நிலைத்தன.

புதுமண்டபத்தின் கதை அத்துடன் முடியவில்லை. பல்லாண்டுகள் அங்கே தையற்காரர்களும் வளையல், பாத்திரம், புத்தகக் கடைக்காரர்களும் தூண்களினூடே பிழைத்தனர். சிற்பங்களைக் காக்கும் பொருட்டு 2020களின் தொடக்கத்தில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களுக்கு அது தேவையே. அதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று கருவி அழித்த மனிதரை இன்று ஏற்பாடு அகற்றியிருக்கிறது. இனி அங்கே எடுக்கப்படும் படங்கள் டிரைப்பின் படங்களைப் போலவே அழகாயிருக்கும். அவற்றைக் காணும் தலைமுறை, மண்டபம் என்றும் அமைதியாகவே இருந்ததென்று நம்பிவிடக் கூடாது. தூணைப் படமெடுப்போர், அதன் நிழலில் தையல் இயந்திரம் ஓடிய செய்தியையும் படத்தின் கீழ் ஒரு வரியாக எழுதி வைக்கட்டும். அவ்வரியும் சேர்ந்ததே மண்டபத்தின் வரலாறு.