இன்னும் ஒரே ஒரு மேட்ச்

பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டங்கள் கணினியில் பிறந்தபோது, ஆடியவரை மறுநாளும் வரவழைக்க அவற்றில் எந்த ஏற்பாடும் கிடையாது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் 1973-74இல் ஸ்டீவ் கோலி, கிரெக் தாம்சன், ஹோவர்ட் பால்மர் மூவரும் இம்லாக் கணினிகளில் எழுதிய 'மேஸ் வார்' இவ்வகையின் மூத்த ஆட்டம். வெறும் கோடுகளால் வரைந்த சுவர்கள், வளைந்து திரும்பும் பாதைகள், மூலையில் திடீரென்று எட்டிப்பார்க்கும் எதிராளி. அவ்வளவுதான் ஆட்டம். தாம்சன் அதை எம்ஐடிக்கு எடுத்துச் சென்றார். அங்கே அது இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாகத் தொலைதூரத்தில் இருந்தவர்களோடும் ஆடப்பட்டது. புள்ளிக் கணக்கு உண்டு. ஆனால் கணினியை அணைத்தால் அதுவும் போய்விடும்.

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'டூம்' இதை அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டுபோனது. ஒரே வலைப்பின்னலில் இருக்கும் நால்வர் ஒருவரையொருவர் வேட்டையாடலாம். ஜான் ரொமேரோ இதற்கு 'டெத்மேட்ச்' என்று பெயர் வைத்தார். முதல் பதிப்பு ஒவ்வொரு அசைவையும் வலைப்பின்னலில் இருந்த எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்ததால், ஆடாதவர்களின் வேலையும் சேர்ந்து முடங்கியது. இன்டெல் நிறுவனமும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் தடை போடும் அளவுக்கு நிலைமை போனது. எதிராளி பெரும்பாலும் பக்கத்து அறையில் இருப்பவர்தான். அவரை ஐந்து முறை வீழ்த்திவிட்டு மறுநாள் காலை முகம் பார்த்துச் சிரிப்பதே பரிசு. வாங்கிய அடிக்குப் பழிதீர்க்க அவரும் மாலையில் வந்து உட்காருவார்.

1996இல் வந்த 'குவேக்' ஆட்டமும், அதே ஆண்டு இறுதியில் இணையத்துக்கென்று செப்பனிட்டு வந்த 'குவேக்வேர்ல்ட்' பதிப்பும் எதிராளியை ஊர் தாண்டி, நாடு தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தின. முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே பெயர் நிலைக்க வேண்டுமானால் ஒரு கூட்டம் வேண்டும்; அப்படித்தான் 'கிளான்' என்ற குழுக்கள் பெருகின. ஆட்டத்துக்குள் கற்றுக்கொள்ளவும் ஆழம் இருந்தது. குவேக்கில் ஒருவர் எடுத்த கவசம் அதே இடத்தில் 20 விநாடியில் மறுபடி தோன்றும். தேர்ந்தவர்கள் சண்டைக்கு நடுவிலேயே மனத்துக்குள் அந்த விநாடிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். இருபதாவது விநாடியில் கவசம் தோன்றும்போது அதன்மேல் நிற்பார்கள். ராக்கெட்டைத் தன் காலடியிலேயே சுட்டு, அந்த வெடிப்பின் உந்துதலில் மேலே தாவும் வித்தையையும் ஆட்டக்காரர்கள் ஆடி ஆடித் தேர்ந்துகொண்டார்கள். 1997இல் நடந்த போட்டியில் வென்ற டென்னிஸ் ஃபாங், குவேக்கை எழுதிய ஜான் கார்மக்கின் சொந்த ஃபெராரி காரையே பரிசாக ஓட்டிச் சென்றார். லட்சத்தில் ஒருவருக்குக் கிடைத்த பரிசு அது. மற்றவர்கள் சும்மாதான் ஆடினார்கள், அதுவும் விடிய விடிய.

இந்தக் காலத்தின் கணக்கு வழக்கையும் கவனிக்க வேண்டும். பெட்டியை விற்ற கையோடு நிறுவனத்தின் வரவு முடிந்தது. ஆட்டம் நடக்கும் சர்வர்களைப் பெரும்பாலும் ரசிகர்களும் பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களுமே நடத்தின. ஒருவர் மறுநாள் வந்தாலும் வராவிட்டாலும் விற்றவருக்கு லாபமோ நட்டமோ இல்லை.

1999இல் மின் லேயும் ஜெஸ் கிளிஃபும் 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தின் மேல் கட்டி இலவசமாக வெளியிட்ட 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' அந்தப் பழைய மரபின் உச்சம். அதில் செத்தால் உடனே எழ முடியாது. அந்தச் சுற்று முடியும்வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஆட்டக்காரரை வெளியே உட்கார வைப்பது விரட்டியடிக்கும் வேலை போலத் தோன்றும். நடந்ததோ நேர்மாறு. உயிருக்கு விலை இருந்ததால் ஒவ்வொரு அடியும் பதைபதைப்பானது. தனியாக மிஞ்சிய கடைசி ஆளை இரண்டு அணியும் மூச்சடக்கிப் பார்த்தன. கையில் 800 டாலரோடு தொடங்கி, சுற்று வென்றும் ஆளை வீழ்த்தியும் சேர்க்கும் பணத்தில்தான் துப்பாக்கி வாங்க வேண்டும். அந்தப் பணமும் மேட்ச் முடிந்தால் காலி. 2000களில் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் பையன்கள் ஆடியது இதன் 1.6 பதிப்பைத்தான். 'டஸ்ட் 2' மேப்பின் ஒவ்வொரு மூலையும் அவர்களுக்குத் தங்கள் தெரு மாதிரி மனப்பாடம். எந்த லெவலும் ஏறவில்லை, எந்தப் பெட்டியும் திறக்கவில்லை. நண்பர்கள் கிளம்பினால் ஆட்டமும் முடிந்தது.

இந்த மரபுக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. புதிதாக வருபவர், பல ஆண்டு ஊறியவரிடம் மாட்டிக்கொள்வார். கண்மூடித் திறப்பதற்குள் சாவு, மறுபடி சாவு. இரண்டாம் நாள் அவர் வருவதில்லை. சமமானவர்களைக் கோத்துவிடும் வழி சதுரங்கத்தில் ஏற்கெனவே இருந்தது. இயற்பியல் பேராசிரியர் அர்பாத் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றிருந்தது. 2004 நவம்பரில் வந்த 'ஹேலோ 2' தரவரிசையையும் தானாக ஆள் சேர்க்கும் முறையையும் ஒன்றாகக் கட்டி, சர்வர் பட்டியலில் தேடும் வேலையையே ஒழித்தது. அடுத்து மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு, குழுவாக ஆடுவோரின் தனித்தனித் திறனையும் கணிக்கும் 'ட்ரூஸ்கில்' முறையை உருவாக்கி எக்ஸ்பாக்ஸ் 360இல் புகுத்தியது.

புதியவரின் குறை தீர்ந்தது. ஆனால் வேறொன்று முளைத்தது. ஆட்டக்காரரின் கை தேறத் தேற எதிராளியும் தேர்ந்தவராகவே வருவார். பாதி மேட்ச் வெற்றி, பாதி மேட்ச் தோல்வி என்பது ஆயுள் முழுக்க மாறாது. பழைய சர்வரில் போன மாதம் தன்னைப் புரட்டியெடுத்தவரை இந்த மாதம் புரட்டியெடுக்க முடிந்தது. வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. புதிய முறையில் அந்தத் தெரிந்த முகமும் இல்லை, வளர்ந்த தடயமும் இல்லை. பின்னாளில் வந்த அத்தனை பதவி, பட்டம், பொருள் ஏற்பாடுகளையும் இந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவையாகப் பார்த்தால்தான் அவை ஏன் இவ்வளவு வேகமாகப் பரவின என்பது விளங்கும்.

2005இல் 'பேட்டில்ஃபீல்டு 2' ராணுவப் பதவிகளையும் பதக்கங்களையும், பதவி உயர்ந்தால் திறக்கும் துப்பாக்கிகளையும் கொண்டுவந்தது. 2007 நவம்பரில் இன்ஃபினிட்டி வார்டின் 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' அதையே ஒரு விநாடிக்குள் சுருக்கியது. எதிராளி விழுந்த அதே கணம் திரையின் நடுவே '+10' என்று மஞ்சள் எழுத்து மின்னும். மூவரைச் சாகாமல் வீழ்த்தினால் எதிரிகளின் இடம் வரைபடத்தில் தெரியும், ஐவருக்கு விமானக் குண்டுவீச்சு, எழுவருக்கு ஹெலிகாப்டர். ஒரு துப்பாக்கியால் 25 பேரை வீழ்த்தினால் அதற்குச் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி கிடைக்கும். தோற்ற மேட்சிலும் ஏதாவது ஒரு கோடு நிரம்பியிருக்கும்; வெறுங்கையோடு எழுந்துபோகவே முடியாது. உச்சமான 55ஆம் லெவலைத் தொட்டவர்களுக்கு இன்னொரு வினோதம் காத்திருந்தது: சேர்த்த துப்பாக்கிகள் எல்லாவற்றையும் துறந்து, ஒரு புதிய சின்னத்தை மட்டும் வாங்கிக்கொண்டு முதல் லெவலிலிருந்து தொடங்கலாம். 'பிரெஸ்டீஜ்' எனப்பட்ட இதைப் பத்து முறை செய்யலாம். சம்பாதித்ததை மனமுவந்து அழிக்க லட்சக்கணக்கானோர் முன்வந்தார்கள் என்பதே, அவர்களுக்கு வேண்டியிருந்தது துப்பாக்கியைவிட ஏறிக்கொண்டிருக்கும் உணர்வுதான் என்று காட்டிவிட்டது. கன்சோல்களில் இருந்த இந்த பிரெஸ்டீஜ் கணினிப் பதிப்பில் கிடையாது. அங்கே பழைய சர்வர் பட்டியல் இன்னும் உயிரோடு இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது தவறாகாது: தெரிந்த முகங்கள் திரும்பி வரும் இடத்தில் அதற்குத் தேவை குறைவு.

ஏணிக்கு அடுத்து வந்தது கடை. வால்வ் நிறுவனத்தின் 'டீம் ஃபோர்ட்ரெஸ் 2' ஆட்டத்தில் 2009இல் தொப்பிகள் வந்தன. தொப்பி போட்டால் குறி தப்பாது என்பதெல்லாம் இல்லை, வெறும் அலங்காரம். 2010இல் அவற்றை விற்கக் கடை திறந்தார்கள். 2011 ஜூனில் ஆட்டமே இலவசமாயிற்று. இங்கேதான் பழைய கணக்கு வழக்கு தலைகீழானது. நுழைவுச்சீட்டு இலவசம் என்றால், திரும்பி வருபவர்தான் வருமானம்.

2013 ஆகஸ்டில் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்' துப்பாக்கிகளுக்கு வண்ணப் பூச்சான 'ஸ்கின்'களையும், அவை அடைத்த பெட்டிகளையும் கொண்டுவந்தது. பெட்டி ஆடும்போது தானாகக் கிடைக்கும். திறக்கும் சாவிக்குக் காசு. சாவியைப் போட்டால் பொருள்கள் வரிசையாகத் திரையில் ஓடும், டக் டக்கென்ற ஒலியோடு வேகம் குறையும், அரிய பொருள் முள்ளின் அருகே வந்து தாண்டிப்போய் ஒரு சாதாரணத் துப்பாக்கியில் நிற்கும். சூதாட்ட இயந்திரத்தின் சக்கரம் இதேதான். சீனச் சட்டப்படி 2017இல் வெளியிட நேர்ந்த கணக்கில் கத்தி போன்ற அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு 0.26 சதவீதம், அதாவது ஏறக்குறைய 385 பெட்டிக்கு ஒன்று. பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் புறா ஓயாமல் கொத்துகிறது என்று உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். 2018இல் பெல்ஜியம் இத்தகைய கட்டணப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. அத்தகைய பெட்டிகளை விற்ற 'ஓவர்வாட்ச்' ஆட்டம் அங்கே அவற்றின் விற்பனையை நிறுத்தியது.

பெட்டிக்குக் கெட்ட பெயர் வந்த வேளையில் நாட்காட்டி கைகொடுத்தது. 'ஃபோர்ட்நைட்' 2017 டிசம்பரில் தன் இரண்டாம் சீசனோடு 950 வி-பக்ஸ் (ஆட்டத்துக்குள் செல்லும் நாணயம்) விலைக்கு 'பேட்டில் பாஸ்' விற்றது. இதில் குலுக்கல் இல்லை; என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆனால் காசு கொடுத்த பிறகும் ஆடித்தான் ஒவ்வொரு படியாகத் திறக்க வேண்டும், சீசன் முடிவதற்குள். அப்போது அதை விட்டால் போயிற்று. காசு கட்டிவிட்டோமே என்பதற்காகவே ஆட்டத்தைத் திறப்பவர்கள் இதில் உருவானார்கள். பொழுதுபோக்கு மெல்ல வருகைப் பதிவேடாக மாறியது.

இத்தகைய பரிசுகளைப் பற்றி உளவியலில் 1973இலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது. மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் படம் வரைவதில் தாமாக ஆர்வம் காட்டிய மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். பரிசு கைக்கு வந்த பிறகு, அந்தக் குழந்தைகள் சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது மற்றவர்களைவிடக் குறைந்துபோயிற்று. எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் ஆகியோர் வளர்த்த கோட்பாடு, மனிதரை உள்ளிருந்து இயக்குபவை மூன்று என்கிறது: திறன் கூடும் உணர்வு, தன் விருப்பப்படி செய்யும் உரிமை, பிறரோடு ஒட்டுதல். ரயனும் ரிக்பியும் சிபில்ஸ்கியும் 2006இல் இதைக் கணினி ஆட்டங்களில் சோதித்து, இம்மூன்றும் கிடைக்கும் அளவுக்கே ஆட்டம் பிடிக்கிறது, தொடர்ந்து ஆடும் எண்ணமும் வருகிறது என்று கண்டார்கள். டூமும் குவேக்கும் மூன்றையும் கூடுதல் காசில்லாமல் தந்தன என்பதை யாரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தியாவில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. 2016க்குப் பின் டேட்டா விலை சரிந்தது. 2018 மார்ச்சில் வந்த 'பப்ஜி மொபைல்' மலிவான போனிலும் ஓடியது. நூறு பேர் ஒரு தீவில் குதித்துக் கடைசி ஆள் மிஞ்சும்வரை சண்டை. தொடக்க ஆட்டங்களில் எதிராளிகளில் கணிசமானோர் கணினியே இயக்கும் போலி ஆட்டக்காரர்கள். புதியவர் முதல் நாளே வென்று 'சிக்கன் டின்னர்' தின்றுவிடுவார். பிறகு வெண்கலப் படியில் தொடங்கி ஏஸ், கான்கரர் வரை ஏணி. சீசன் முடிந்தால் சில படிகள் இறங்கி மறுபடி ஏற வேண்டும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு விடுதி அறையில் நான்கு போன்கள் விழித்திருந்ததற்கு ஏணி மட்டும் காரணமில்லை. நால்வர் கொண்ட 'ஸ்க்வாட்', குரல் வழியே பேச்சு, விழுந்தவனை ஊர்ந்துபோய் எழுப்பும் நண்பன்: பிரவுசிங் சென்டரின் பெஞ்ச் கைப்பேசிக்குள் வந்துவிட்டிருந்தது. வேலூரில் ஒரு பல்கலைக்கழக விடுதி 2018இலேயே தடை போட்டது. 2019 மார்ச்சில் ராஜ்கோட் காவல் துறை ஆடிய இளைஞர்களைக் கைதே செய்தது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு சீனத் தொடர்புள்ள 118 செயலிகளில் ஒன்றாக இதையும் தடுத்தபோது காரணம் தரவுப் பாதுகாப்பு. 2021 ஜூலையில் 'பிஜிஎம்ஐ' என்ற பெயரில் திரும்பியது, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்போடு. சீனா அதே ஆண்டு சிறுவர்களுக்கு வாரத்துக்கே மூன்று மணி நேரம்தான் என்று விதித்தது.

நிறுவனங்களின் கவனம் இப்போது எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கே திரும்பியிருக்கிறது. 2017இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு கட்டுரை, சமமான ஆட்களைச் சேர்ப்பதற்குப் பதிலாக, ஆட்டத்தை விட்டுப்போகும் வாய்ப்பு எதில் குறைவோ அப்படிச் சேர்க்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டியது. அதே ஆண்டு ஆக்டிவிஷன் பெற்ற காப்புரிமையில், பொருள் வாங்கத் தூண்டும்படி ஆட்களைக் கோக்கும் முறை விவரிக்கப்பட்டிருந்தது. அதை எந்த ஆட்டத்திலும் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. தேர்ந்த ஆட்டக்காரர்களோ, சமமானவர்களோடு மட்டுமே ஆடுவது ஓய்வில்லாத பரீட்சையாகிவிட்டது என்று பல ஆண்டுகளாகக் குறை சொல்லி வந்தார்கள். ஆக்டிவிஷன் 2024இல், திறன் கணக்கைத் தளர்த்திச் சோதித்ததன் முடிவுகளை வெளியிட்டது. சுமாராக ஆடுவோர் மேட்ச் நடுவிலேயே வெளியேறினார்கள், திரும்பி வருவதும் குறைந்தது. அவர்கள் போகப்போக அடுத்த நிலையில் இருப்பவர்கள் அடிமட்டமாவார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். திறன் கணக்கு அப்போதைக்கு அப்படியே நீடித்தது.