ஒரு பெட்டி, நான்கு மாநாடுகள்

கனடா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பனி, நயாகரா, டொராண்டோவில் இருக்கும் யாரோ ஒரு சொந்தக்காரர். அந்த நாட்டின் பிரதமரும் மாகாண முதல்வர்களும் தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் பூர்வகுடித் தலைவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, ஐந்து வருடங்களில் நான்கு முறை விவாதித்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த விவாதம் ஏறக்குறைய முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. கேள்வி ரொம்பச் சின்னது. அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு விளக்கம். பாடப்புத்தகத்தில் 'செவ்விந்தியர்' என்று படித்தோமே, அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இந்தியாவுக்கு வந்துவிட்டதாகக் கொலம்பஸ் நினைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கனடாவில் இவர்களை மூன்று பிரிவாகச் சொல்வார்கள்: முதல் நாட்டினர், இனுயிட், மெட்டிஸ். நான் மூவரையும் சேர்த்துப் பூர்வகுடிகள் என்றே எழுதுகிறேன்.

கதை 1763-ல் தொடங்குகிறது. பிரான்சிடமிருந்து அந்த நிலப்பரப்பைப் பெற்ற பிறகு, பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பூர்வகுடிகளின் நிலத்தைத் தனி ஆள் யாரும் வாங்கக்கூடாது. அவர்களே விற்க விரும்பினால் மன்னரின் பிரதிநிதி அவர்களைப் பொதுக்கூட்டமாகக் கூட்டி, அங்கே வைத்துத்தான் வாங்க வேண்டும். இதை நல்லெண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு போரைத் தவிர்க்க வேண்டிய அவசரம் அது. ஆனால் ஒன்றை கவனியுங்கள்: வாங்க வேண்டும் என்று சொன்னாலே அது அவர்களுடைய நிலம் என்று ஒப்புக்கொண்டதாகிறது!

பின்னாளில் 1871 முதல் 1921 வரை பதினோரு எண்ணிட்ட உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. அவற்றில் ஆறாவதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 1876 ஆகஸ்ட். இன்றைய சஸ்காட்செவன் மாகாணத்தில் கார்ல்டன் கோட்டை. ஒரு பக்கம் அரசின் சார்பில் அலெக்சாண்டர் மாரிஸ். மறுபக்கம் மிஸ்டவாசிஸ், அதாகாகூப் உள்ளிட்ட க்ரீ தலைவர்கள். எருமை மந்தைகள் அழிந்துகொண்டிருந்தன, பெரியம்மை ஏற்கெனவே வந்து வாரிக்கொண்டு போயிருந்தது. பேச்சுவார்த்தை நடக்கும்போது பவுண்ட்மேக்கர் என்ற இளம் தலைவர் எழுந்து எதிர்த்தார். இது எங்கள் நிலம், கறித்துண்டு மாதிரி வெட்டி எங்களுக்கே துண்டு துண்டாகத் திருப்பித் தர இது உணவுப் பண்டம் இல்லை என்ற பொருளில் அவர் பேசியதாக, அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் பீட்டர் எராஸ்மஸ் பதிவு செய்திருக்கிறார்.

கடைசியில் உடன்படிக்கை ஆனது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் ஒதுக்கீட்டு நிலம், ஆளுக்கு வருடம் 5 டாலர், பஞ்சம் வந்தால் உதவி, அரசு அதிகாரியின் வீட்டில் ஒரு மருந்துப் பெட்டி. கடைசி இரண்டும் க்ரீ தலைவர்கள் வாதாடி வாங்கியவை. ஆங்கிலத்தில் எழுதிய தாளில் அவர்கள் நிலத்தை 'விட்டுக்கொடுத்து, கைவிட்டு, ஒப்படைத்ததாக' இருக்கிறது. க்ரீ பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லி வந்த கணக்கு வேறு. கலப்பை கிளறும் ஆழத்துக்கு மண்ணைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தோம், அவ்வளவுதான். எங்களை நாங்கள் ஆண்டுகொள்ளும் அதிகாரத்தை யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் கொடுக்கவும் இல்லை.

(அந்த 5 டாலர் இன்னும் 5 டாலர்தான். ஒன்டாரியோவில் 1850-ல் செய்த ராபின்சன் உடன்படிக்கைகளில் நிலத்தின் வருமானம் கூடினால் தொகையும் கூடும் என்றே எழுதியிருந்தது. அதுவும் 1875-லிருந்து ஆளுக்கு 4 டாலரிலேயே நின்றுவிட்டது. அரசு தன் கடமையை மீறிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 ஜூலை வரை ஆயிற்று.)

கையெழுத்தான அதே 1876-ல் நாடாளுமன்றம் 'இந்தியன் சட்டம்' கொண்டுவந்தது. ஒரு கையால் உடன்படிக்கை, மறு கையால் பூட்டு. தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, யார் பூர்வகுடி, யார் இல்லை என்பதையெல்லாம் அந்தச் சட்டம் தீர்மானித்தது. பூர்வகுடி அல்லாத ஆணை மணந்த பெண் பூர்வகுடி அந்தஸ்தையே இழந்தாள். 1927-ல் இன்னொரு திருத்தம்: நில உரிமை கேட்டு வழக்காடப் பணம் திரட்டினால் குற்றம். இது 1951 வரை அமலில் இருந்தது. வக்கீல் வைக்கக் கூடப் பணம் சேர்க்க முடியாது என்றால் உரிமையை எங்கே போய்க் கேட்பது?

நிலைமை திரும்பியது 1969-ல். பியர் ட்ரூடோ பிரதமர், பூர்வகுடி விவகாரங்களுக்கு அமைச்சர் ஜான் க்ரெட்டியன் (பின்னாளில் அவரும் பிரதமரானார்). 'எல்லோரும் சமம்' என்ற பெயரில் இந்தியன் சட்டத்தை ஒழித்து, உடன்படிக்கைகளையும் காலப்போக்கில் முடித்துவைக்கலாம் என்று ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு காலம் பிடுங்கிக்கொண்டிருந்துவிட்டு, திருப்பித் தர வேண்டிய நேரத்தில் 'இனி எல்லோரும் ஒன்று' என்று சொல்வதை எப்படி ஏற்பார்கள்? ஆல்பர்ட்டா தலைவர்கள் கூடி 1970-ல் பதில் அறிக்கை கொடுத்தார்கள். அதற்குச் 'சிவப்பு அறிக்கை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதன் பின்னணியில் முக்கியமானவர் ஹரால்ட் கார்டினல், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். அரசு பின்வாங்கியது.

அடுத்த அதிர்ச்சி நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1973-ல் நிஸ்கா மக்களுக்காக ஃப்ராங்க் கால்டர் நடத்திய வழக்கில், காலனி ஆட்சி வருவதற்கு முன்பே பூர்வகுடிகளுக்கு நில உரிமை இருந்தது என்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஒப்புக்கொண்டார்கள். அது இன்னும் இருக்கிறதா என்பதில் மட்டும் மூவருக்கு மூவர் பிரிந்துபோனார்கள். ஏழாமவர் வேறொரு சட்ட நுணுக்கத்தைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்ய, நிஸ்கா மக்கள் தோற்றார்கள். தோற்ற வழக்குதான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது விசித்திரம்!

சரி, மாநாடுகளுக்கு வருவோம். அதுவரை கனடாவின் அரசியல் சட்டம் 1867-ல் லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம். அதன் முக்கியமான பகுதிகளைத் திருத்த லண்டனுக்குத்தான் போக வேண்டும். அந்த அதிகாரத்தை ஒட்டாவாவுக்குக் கொண்டுவர ட்ரூடோ முனைந்தார். பூர்வகுடிகள் பயந்தார்கள். உடன்படிக்கை செய்தது மன்னரோடு. மன்னரின் பிடி விட்டுப்போனால் உடன்படிக்கையின் கதி என்ன? 1979-ல் சுமார் 300 பேர் லண்டன் போனார்கள். ராணியைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. 1980 நவம்பரில் ஜார்ஜ் மேனுவல் தலைமையிலான பிரிட்டிஷ் கொலம்பிய தலைவர்கள் சங்கம் ரயில் அமர்த்தி, கிட்டத்தட்ட ஆயிரம் பேரை வான்கூவரிலிருந்து ஒட்டாவாவுக்கு அழைத்துப் போனது. இதற்குக் 'கான்ஸ்டிடியூஷன் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். குழந்தைகளும் கிழவர்களும் பனியில் ரயிலேறி, அரசியல் சட்டத்தில் தங்களுக்கு ஓர் இடம் கேட்டு நாட்டையே குறுக்கே கடந்தார்கள்.

1981 ஜனவரியில் உரிமைப் பிரிவு வரைவில் சேர்ந்தது. நவம்பரில் பிரதமரும் முதல்வர்களும் (கியூபெக் நீங்கலாக) பேரம் பேசியபோது அது காணாமல் போனது. நாடு முழுக்கக் கூச்சல் எழுந்ததும் திரும்பி வந்தது, ஆனால் ஒரு சொல் கூடுதலாக. ஆல்பர்ட்டா முதல்வர் பீட்டர் லாஹீட் வற்புறுத்திச் சேர்த்த சொல் அது. 'உரிமைகள்' என்று இருந்தது 'ஏற்கெனவே உள்ள உரிமைகள்' என்று ஆனது. பழைய சட்டங்களால் நசுக்கப்பட்டு மிச்சம் இருப்பது மட்டும் போதும் என்ற கணக்கு.

1982 ஏப்ரல் 17-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. 35ஆம் பிரிவு பூர்வகுடிகளின் 'ஏற்கெனவே உள்ள' பூர்வ உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அங்கீகரிப்பதாகச் சொன்னது. அந்த உரிமைகள் எவை என்று சொல்லவில்லை. அதைப் பேசித் தீர்க்க ஒரு மாநாடு கூட்ட வேண்டும் என்று 37ஆம் பிரிவு சொன்னது.

இங்கேதான் அந்தப் பெட்டி வருகிறது. 35ஆம் பிரிவு ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூர்வகுடித் தலைவர்கள் சொன்னார்கள்: பெட்டி நிறைந்திருக்கிறது, சுயாட்சி உட்பட எல்லாம் உள்ளே இருக்கிறது, எப்படி நடைமுறைப்படுத்துவது என்று மட்டும் பேசுவோம். பல முதல்வர்கள் சொன்னார்கள்: பெட்டி காலி, என்ன வேண்டுமென்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், சம்மதித்தால் போடுகிறோம். உங்கள் வீட்டில் இருக்கும் பொருளை இன்னொருவர் உங்களுக்குப் 'பரிசாகத் தரட்டுமா' என்று கேட்டால் எப்படி இருக்கும்? சண்டை அதுதான்.

முதல் மாநாடு 1983 மார்ச்சில். நான்கு தேசிய அமைப்புகளுக்கு மேசையில் இடம் கிடைத்தது. பூர்வகுடிப் பெண்களின் சங்கத்துக்குத் தனி இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நான்கில் உருப்படியாக எதையாவது சாதித்தது இதுதான். இனி வரும் நில ஒப்பந்தங்களும் உடன்படிக்கை உரிமையாகவே கருதப்படும், உரிமைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்று இரண்டு திருத்தங்கள் பிறந்தன. இந்த மாநாட்டில் பில் வில்சன் என்ற தலைவர் ட்ரூடோவிடம், எனக்கு இரண்டு பிள்ளைகள், இருவருமே வக்கீலாகி பிரதமராக ஆசைப்படுகிறார்கள், இருவருமே பெண்கள் என்றார். அவை சிரித்தது. அவர்கள் தயாராகும் வரை நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றார் ட்ரூடோ. அந்தப் பெண்களில் ஒருவர் ஜோடி வில்சன்-ரேபோல்ட். 2015-ல் கனடாவின் நீதி அமைச்சரானார், அதுவும் ட்ரூடோவின் மகன் ஜஸ்டினின் அமைச்சரவையில்! 2019-ல் அதே ஜஸ்டினோடு மோதி வெளியேறியது தனிக்கதை.

1984, 1985 மாநாடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உரிமையை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் மாகாணங்களோடும் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது உயிர்பெறும் என்ற பாணியில் அரசு ஒரு வரைவு நீட்டியது. மாகாணம் கையெழுத்துப் போட்டால்தான் உரிமை என்றால், அதற்கு உரிமை என்று ஏன் பெயர்? பூர்வகுடிகளுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. நிலமே இல்லாத மெட்டிஸ் மக்களின் அவசரம் வேறு. எங்கள் உடன்படிக்கை மன்னரோடு, மாகாண முதல்வர்களோடு பேச எங்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒதுங்கிய பிரெய்ரி தலைவர்களின் நியாயம் வேறு.

1987 மார்ச் கடைசி மாநாடு. அப்போது பிரதமர் ப்ரையன் மல்ரோனி. திருத்தத்துக்கு ஏழு மாகாணங்கள் வேண்டும், மேற்கு மாகாணங்கள் மூன்று மறுத்தன. சுயாட்சி என்றால் என்ன, எவ்வளவு செலவாகும், விளக்கமில்லாத ஒன்றை எப்படி எழுதுவது என்பது அவர்களின் வாதம். மாநாடு வெறுங்கையோடு கலைந்தது.

ஐந்தே வாரத்தில் அதே முதல்வர்கள் மீச் லேக் என்ற ஏரிக்கரை விடுதியில் கூடி, கியூபெக்கை 'தனித்தன்மையுள்ள சமூகம்' என்று அரசியல் சட்டத்தில் எழுத ஒத்துக்கொண்டார்கள். அதற்கு மட்டும் என்ன விளக்கம் இருந்தது? ஒன்றும் இல்லை! பூர்வகுடிகளுக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வலிக்கு 1990 ஜூனில் பதில் வந்தது. மீச் லேக் ஒப்பந்தத்தை எல்லா மாகாண சட்டசபைகளும் ஏற்க வேண்டும், கெடு ஜூன் 23. மானிடோபா சபையில் விதிகளைத் தளர்த்தி விவாதத்தைத் தொடங்க அனைவரின் சம்மதமும் தேவை. எலைஜா ஹார்ப்பர் என்ற ஒரே பூர்வகுடி உறுப்பினர், கையில் கழுகின் இறகோடு, ஒவ்வொரு முறையும் மெதுவாக 'இல்லை' என்றார். கெடு முடிந்தது. நியூஃபவுண்ட்லாந்தும் வாக்கெடுப்பு நடத்தாமல் விட்டது. ஒப்பந்தம் செத்தது.

அதற்குச் சில வாரங்கள் முன்பு மே 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு காரியம் செய்திருந்தது. மஸ்குவீம் இனத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்பாரோ, அனுமதித்த 150 அடிக்குப் பதில் 270 அடி வலை போட்டு மீன் பிடித்தார் என்று வழக்கு. 'ஏற்கெனவே உள்ள' என்றால் 1982-ல் அழிக்கப்படாமல் இருந்தவை என்று பொருள், ஒழுங்குமுறை விதி போட்டதாலேயே ஓர் உரிமை அழிந்துவிடாது என்றது தீர்ப்பு. பெட்டியைக் காலி செய்யச் சேர்த்த சொல் அந்த வேலையைச் செய்யவில்லை.

ஆனால் சுயாட்சி? 1992-ல் சார்லட்டவுன் ஒப்பந்தத்தில் 'பிறப்புரிமையான சுயாட்சி' என்ற வார்த்தையே எழுத்தில் வந்துவிட்டது. அக்டோபர் 26 பொதுவாக்கெடுப்பில் நாடு அதைத் தோற்கடித்தது. ஒதுக்கீட்டு நிலங்களில் வாழ்ந்தவர்களிலும் பெரும்பான்மை எதிர்த்தே வாக்களித்தார்கள், அவ்வளவு அவநம்பிக்கை. பிறகு மத்திய அரசு 1995-ல் பேச்சுவார்த்தைக்கு ஒரு கொள்கை வகுத்தது. கால்டரின் நிஸ்கா மக்கள் 2000-ல் தங்கள் நவீன உடன்படிக்கையோடு சுயாட்சியும் பெற்றார்கள். இப்படி ஒவ்வொன்றாகத்தான் நகர்கிறது.

2019-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குழந்தைகள் நலனில் பூர்வகுடிகள் தாங்களே சட்டம் போட்டுக்கொள்ளலாம், அது 35ஆம் பிரிவில் ஏற்கெனவே இருக்கும் சுயாட்சி உரிமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. விடுதிப் பள்ளிகளுக்குக் குழந்தைகளைப் பிரித்துக்கொண்டு போன நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கியூபெக் எதிர்த்து வழக்குப் போட்டது. 2024 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் முழுவதும் செல்லும் என்றது. 35ஆம் பிரிவுக்குள் சுயாட்சி இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும், இந்த வழக்கில் தேவையில்லை என்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டது.

மாநாடுகளை நேரில் பார்ப்பது போலப் பார்க்க வேண்டுமென்றால், கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக மோரிஸ் புல்புலியன் எடுத்த 'டான்சிங் அரவுண்ட் த டேபிள்' என்ற ஆவணப்படம் இருக்கிறது. இரண்டு பாகம். ட்ரூடோ, மல்ரோனி இருவரின் முகங்களையும் கவனித்துப் பாருங்கள்.